சதுப்பு நக்கிய கை

அடுப்பில் இன்னொரு கட்டையைப் போட்டுவிட்டு நெருங்கி உட்காருங்கள். காபி குடிக்கிறவர்கள் இப்போதே குடித்துவிடுங்கள்... அப்புறம் இறங்காது.

மாலை ஐந்து மணி. செப்டம்பர் கடைசி. நம் வடகோடியில், ஊட்ஸ்யோகியிலிருந்து கரிகஸ்னியெமி போகும் சாலை. அந்த நேரத்துக்கு அதில் ஒரு லாரிகூட வராது. நம்மோடு வலை இழுக்கிற ஐலு இருக்கிறானே, அவன் அக்கா புருஷன் யோவ்னா சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டுச் சதுப்புக்குள் இறங்கினான். கூட ஐலுவும். தங்கள் மந்தையில் காணாமல்போன பெட்டைப் பனிமான் ஒன்றைத் தேடி.

அங்கே ஒரு மேடு இருந்தது. மேலே கரிமண், வயிற்றுக்குள் பனிக்கட்டி. ஆகஸ்டில் கடப்பாரையை இறக்கினாலும் ‘ணங்’ என்று தட்டும். மேட்டின் மேல் வெள்ளைப்பாசி மேய மான்கள் வரும். சதுப்புப்பழம் பறிக்கப் பெண்கள் வருவார்கள். குளிர்காலத்திலேயே மழை பெய்யத் தொடங்கியதும் உள்ளே இருந்த பனி இளகிவிட்டது. மேடு பிளந்து, ஓரம் ஓரமாகச் சரிந்து... இப்போது கறுப்புக் குட்டை. பாசி அழுகி மிதந்தது. சுற்றிலும் இடுப்பளவு கோரை. யோவ்னா பிறந்ததிலிருந்து அந்த இடத்தில் கோரை முளைத்ததில்லை.

முதலில் நாற்றம் வந்தது. அழுகின முட்டை... அதற்கு அடியில் இன்னொன்று. நாள்பட்ட இறைச்சிப் பாத்திரத்தைத் திறந்தாற்போல்.

"அத்தான், பூட்ஸைக் கழட்டிட்டீங்களா?" என்றான் ஐலு.

"வாயை மூடிக்கிட்டு வா மச்சான். தெறந்தா உள்ள போயிடும்."

அப்புறம் சத்தம். ப்ளக்... ப்ளக்... குட்டை நடுவில் ஒரு மான் தலை. கொம்புவரை சேறு. பனிமானில் பெட்டைக்கும் கொம்பு உண்டு.

யோவ்னா சுருக்குக் கயிற்றை வீசினான். கொம்பில் விழுந்தது. இருவரும் இழுத்தார்கள். சேறு சப்பிக்கொண்டு, விட மனமில்லாமல் விட்டது. மான் கத்தவில்லை. கரைக்கு வந்ததும் தானாக எழுந்து நின்றது. வயிறு பானை மாதிரி.

"நம்மளுதா?"

"காதெல்லாம் சேறு. நாம போட்ட வெட்டு அடையாளம் தெரியல, இரு."

யோவ்னா கையுறையைக் கழற்றி அதன் மூக்கிலிருந்து சேற்றை வழித்தான். மான் நாக்கை நீட்டி அவன் உள்ளங்கையை நக்கியது. மெதுவாக... விரலிடுக்கு, நகக்கண் எல்லாம். நாக்கில் சூடு இல்லை. அதன்மேல் மயிர் மயிராக ஏதோ உரசியது. அவன் கையை உதறிக்கொண்டான்.

அப்போது அது மூச்சு விட்டது. விட்டது... விட்டுக்கொண்டே இருந்தது. வயிறு ஒட்டியது, விலா ஒட்டியது, கால் மடங்கியது. தோல் மட்டும் தரையில் படிந்து கிடந்தது. ஐலு கத்தி முனையால் தொட்டான். நனைந்த காகிதமாகக் கிழிந்தது. உள்ளே குடல் இல்லை. எலும்பு இல்லை. கறுப்பு மண், கோரை வேர்... யாரோ திணித்து வைத்தாற்போல். வேர் நெளிந்தது என்கிறான் ஐலு.

வீட்டுக்கு வந்து யோவ்னா கையைக் கழுவினான். சோப்பு, உப்பு, கடைசியில் மண்ணெண்ணெய். நாற்றம் போகவில்லை. ரொட்டியைத் தொட்டால் ரொட்டி நாறியது. அவன் உள்ளே வந்தாலே நாய் வாந்தியெடுத்தது. மனைவி ரிஸ்தென் தலையணையைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போனாள்.

"என்னைப் பிடிக்கலையா?"

"உங்களைப் பிடிக்கும். அந்தக் கை என்மேல படவேணாம்."

பிப்ரவரி. வெளியே மண் கல்லாய் உறைந்து கிடந்தது. அவன் ஆள்காட்டி விரலில், நகத்தடியில், பச்சையாக ஏதோ தெரிந்தது. ரிஸ்தென் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு விளக்கடியில் பார்த்தாள். கோரைக் குருத்து.

"வலிக்குதா?"

"இல்ல. எடுத்துடு."

சாமணத்தால் பிடித்து இழுத்தாள். குருத்து வந்தது. பின்னாலேயே வேர்... வெள்ளையாக, வழவழவென்று. இழுக்க இழுக்க வந்தது. மேஜைமேல் சுருண்டு விழுந்தது. ஒரு முழம் இருக்கும். ரத்தம் வரவில்லை. துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தது. அந்த நாற்றம் அறையை நிறைத்தது. ரிஸ்தென் வாயைப் பொத்திக்கொண்டு தொட்டிக்கு ஓடினாள். வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

யோவ்னா அந்த விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். கண்ணை மூடி... பச்சைக் குழந்தை மாதிரி.

"தித்திக்குது" என்றான். ஈர விரலை அவளிடம் நீட்டினான். "நீயும் பாரேன்."