நீளத் தழும்பு

— இந்தச் சுடுதண்ணித் தொட்டியில இப்ப மூணே பேர். மூத்தவ ஸ்டெய்னுன், நான். என் தங்கச்சி தோர்டிஸ், நீ. நம்ம தம்பி பொண்டாட்டி ஹல்டோரா, இவ. மூணு பேரும் ஹோல்ட் வீட்டு ஆளுங்க, வேற காது கிடையாது. குளிக்கிற அறையில எல்லார் முன்னாடியும் முணுமுணுத்தியே தோர்டிஸ், அதை இங்க உரக்கச் சொல்லு.

— சொல்றேன்க்கா, எனக்கென்ன பயம்? இவ தழும்பைப் பார்த்தா வயிறு எரியுதுன்னு சொன்னேன்.

— ஐயோ சின்னண்ணி, இதைப் பார்த்தா? நெஞ்சுக்குழியில இருந்து அடிவயிறு வரைக்கும் ஜிப்பு வச்ச மாதிரி கிடக்கு. "பாட்டி, திறந்து காட்டு"ன்னு என் பேத்தி கேக்குறா.

— கேக்கப் பேத்தி இருக்கா, சிரிக்க நீ இருக்க. என்னுது எவ்வளவு இருக்கு பார்த்தியா ஹல்டோரா? ஒரு சாண்கூட இல்ல. "கொடுத்து வச்சவ, சின்னக் கீறலோட போச்சு"ன்னு பின்னல் சங்கத்துல அத்தனை பேரும் சொன்னாளுங்க. நானும் நம்பிக்கிட்டு, உன்னைப் பார்த்துப் பாவப்பட்டேன்.

— மெதுவா பேசுடி. நீந்துறவங்க திரும்பிப் பார்க்குறாங்க.

— பார்க்கட்டும்க்கா. சினைப்பையில புத்துநோய், ரெண்டு பேருக்கும் ஒரே குளிர்காலத்துல. ரெண்டு பேருக்கும் மூணாம் நிலை. ஏத்தின மருந்து ஒண்ணு, முடி கொட்டினது ஒரே வாரம். இப்ப மூணு வருஷம் ஆச்சு. இவ செப்டம்பர்ல மலையேறி ஆடு ஓட்டிட்டு வந்தா. எனக்கு வயித்துல மறுபடியும் நீர் கோத்திருக்கு.

— நான் தினமும் காலையில மீன் எண்ணெய் குடிச்சேன், சின்னண்ணி. அதுவா இருக்குமோ என்னவோ...

— நான் மட்டும் என்னத்தைக் குடிச்சேன், மகராசி? அதே கடை, அதே புட்டி! போன வாரம் தலைநகர் ரெய்க்யவிக்ல புத்துநோய் பார்க்குற அம்மா டாக்டர் உடைச்சே சொல்லிட்டாங்க. வயசு, உடம்புத் தெம்பு, கட்டி மருந்துக்கு மசியுற ரகமா இல்லையா, எல்லாத்துக்கும் பங்கு உண்டாம். ஆனா முதல் அறுவையில கண்ணுக்குத் தெரியுற கட்டி ஒண்ணுகூட மிச்சமில்லாம எடுத்தாங்களா, அதுதான் பெருசாம். இவளுக்கு அங்க ஏழு மணி நேரம், அதுக்குன்னே பழகின கைங்க, மலையில பறிச்ச குட்டிப் பழத்துல இலை பொறுக்குற மாதிரி பொறுக்கியிருக்கு. எனக்கு இங்க நம்ம ஊர் ஆஸ்பத்திரியில ஒண்ணரை மணி நேரம். பாதி உள்ளேயே கிடக்கு.

— உனக்கு அறுவை பண்ணின எய்ரிக்கைக் குறை சொல்லாத. செத்துப்போன நம்ம அண்ணனோட ஒரே பிள்ளை. நான் வளர்த்தவன். ஹோல்ட் வீட்டுல படிச்சு டாக்டரான முதல் ஆளு.

— அவன் மேல எனக்குக் கோவமே இல்லக்கா. குடல்வால் எடுக்கிற கை அது, தெரிஞ்சதைச் செஞ்சான். கோவமெல்லாம் இவ மேலதான். ரேடியோவில மத்தியானம் சாவு அறிவிப்பு படிக்கிறாங்கல்ல, உன் பேரு வருதான்னு நான் காது கொடுத்துக் கேட்டிருக்கேன் ஹல்டோரா. ஆமா, அவ்வளவு கேவலமாத்தான் ஆயிட்டேன்.

— சொல்லுங்க சின்னண்ணி, தாங்கிக்கிறேன். ஆனா நான் என்ன தப்பு பண்ணினேன்?

— உன் அண்ணன்தானே விமானத் தளத்தைப் பார்த்துக்கிறான்? நீ போனப்ப ஆம்புலன்ஸ் விமானம் சிட்டா பறந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு எனக்குன்னு வந்தப்ப மட்டும் புயலாம், இறங்க முடியலையாம். ரெண்டு வீட்டுக்கும் நடந்த பழைய வேலித் தகராறை மனசுல வச்சுக்கிட்டு அவன்தான் ஓடுபாதையை மூடிட்டான்னு ஊரே பேசுது.

— எங்கண்ணன் அப்படிப்பட்டவன் இல்ல! அன்னைக்கு வானம் எப்படி இருந்துச்சுன்னு நீங்களே பார்த்திருப்பீங்களே?

— எங்க பார்த்தேன்? வலிக்கு ஊசி போட்டு அரைமயக்கத்துல கிடந்தேன். நீதான் அந்த நேரம் ரெய்க்யவிக் ஆஸ்பத்திரியில சொகுசாப் படுத்திருந்தியே. என் பக்கத்துல இருந்தது அக்கா ஒருத்திதான். "புயல், விமானம் இறங்கல, எய்ரிக்கே பண்ணிட்டான்"னு கண்ணு திறந்ததும் அக்காதான் சொன்னா.

— மூணு வருஷமா எங்கண்ணன் ஊர்க் கடைப்பக்கம் போனா அவன்கிட்ட யாரும் முகம் கொடுத்துப் பேசுறதில்ல. உண்மையைச் சொல்லித் தொலையேன்னு காலைப் பிடிச்சுக் கேட்டேன். "வாக்குக் கொடுத்துட்டேன்"னு மட்டும் சொல்றான்.

— வாக்கா? அவன் யாருக்குடி வாக்குக் கொடுக்கணும்?

— அதைச் சொல்ல மாட்டேங்குறான், சின்னண்ணி. ஹோல்ட் வீட்டு வாசலைப் பார்த்தாலே தலையைக் குனிஞ்சுக்கிறான்.

— அக்கா? ஏன் எழுந்துட்ட? பனி கொட்டுது, தண்ணிக்குள்ள உக்காரு.

— உக்கார்ந்துக்கிட்டுச் சொல்ற விஷயம் இல்ல இது. நம்ம வீட்டுக்காக அடுத்த வீட்டு ஆம்பளை பழி சுமக்குறது நமக்கு மரியாதை இல்ல. நல்லாக் கேட்டுக்கோ தோர்டிஸ், அவன் வாக்குக் கொடுத்தது எனக்குத்தான், ஊர் பேசுறது தப்பு. அன்னைக்குப் புயல் இல்ல. ஓடுபாதையை யாரும் மூடல. எய்ரிக் கூப்பிட்டு விமானம் வந்துச்சு, முக்கால் மணி நேரம் நின்னுச்சு. "இது என் கைக்கு மீறினது அத்தை, அனுப்பிடலாம்"னு அவன் அழுதான். ஹோல்ட் வீட்டுப் பிள்ளைக்கு முடியலன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது, நீயே செய்னு சொல்லி, அந்த விமானத்தை வெறுமனே திருப்பி அனுப்பினது நான்.