ஜகாத் பட்டியலில் மைமூன் மாமி

குற்றாலத்து அருவிகளில் தண்ணீர் இல்லாத மாதம். தென்காசியில் நான் ஏறிய பேருந்து காலியாகத்தான் கிளம்பியது. முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் ரமலானுக்கு வசதியில்லாதவர்களில் யார் யாருக்கு ஜகாத் கொடுப்பது என்று செல்போனில் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கக் கூடாது என்றுதான் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தேன்.

“மைமூன் மாமி பேர எடுத்திருங்க,” என்றாள் மனைவி.

“ஏன், எதுவும் சண்டையா?”

“அவங்க மவன் சவுதியில சம்பாதிக்கான்லா. இந்த வருசம் அவங்களே ஜகாத் குடுக்காங்க. யாருக்குக் குடுக்கலாம்னு நேத்து எங்கிட்ட கேட்டாங்க.”

“நீ யாரச் சொன்ன?”

“உங்க தம்பியத்தான். கடைய மூடிட்டு வீட்ல இருக்காருல்லா.”

கணவன் செல்போனிலிருந்து நிமிர்ந்தான். “அவன் ரோசக்காரன். ஜகாத்துன்னா வாங்க மாட்டான்.”

“அதையும் சொன்னேன். ‘ஜகாத்துன்னு எதுக்குச் சொல்லணும், பெருநாள் துணிக்குன்னு சொல்லிக் குடுத்துருதேன்’னாங்க.”

“நாம மாமிக்கு வருசா வருசம் அப்படித்தான சொல்லிக் குடுக்கோம்.”

“ஆமா. ‘நானும் அப்படித்தான வாங்கினேன்’னு சொல்லிச் சிரிக்காங்க.”