எங்கள் வீட்டுக் கல்யாணம்

பெரியநாயக்கன்பாளையம் போகும் பேருந்து துடியலூரில் நின்றுவிட்டது. முன்சீட்டுப் பெண்மணி ஜன்னலுக்கு வெளியே எட்டி எட்டிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த ஊர்க்கார அக்காவிடம் சொன்னார்:

"என்ற பொண்ணுக்குக் கல்யாணம்னு எனக்கே மத்தவங்க சொல்லித்தான் தெரியுமுங்கக்கா."

அக்கா திரும்பிப் பார்த்தார்.

"வாட்ஸப்புல 'எங்கள் வீட்டுக் கல்யாணம்'னு பத்திரிகை வந்துச்சு, தொறந்துபோட்டேன். அது வைரஸாமா. என்ற போன்ல இருந்து எல்லாருக்கும் அதே போயிருச்சு. நேர்ல வந்து அழைக்கலைன்னு பெரியப்பா ஊட்டுல ஒரே கோவம்."

"போலீசுல சொன்னயா?"

"சொன்னேனுங்க. ஆனா ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வர்றவங்களுக்கும் போயிருக்குது. 'வேற எடத்துல முடிச்சுட்டீங்களாக்கு'ன்னு கேட்டுட்டு போன வெச்சுட்டாங்க. திருப்பிக் கூப்பிட்டா எடுக்கறதில்ல. நெறையப் பேரு புகார் பண்ணி, இப்ப என்ற நம்பரையே ஸ்பேம்னு காட்டுதாமா. நேர்ல போய்ச் சொல்லலாம்னா இந்த பஸ்ஸு நகரமாட்டேங்குது!"

அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார்.

"உன்ற நம்பர்ல இருந்து எனக்கும் வந்துச்சு கண்ணு. அரசாங்கத்துல புகார் குடுங்க குடுங்கன்னு தெனமும் போன்ல சொல்றாங்களேன்னு, நானுந்தான் புகார்னு அமுக்கிப்போட்டேன்."