ஒரே துளியில் இரு புற்றுகளைக் கண்டவருக்கு

குருண் வட்டாரத் தோட்ட மருத்துவமனையிலிருந்து பணி ஓய்வு பெறும் டாக்டர் மோரிஸ் பரஞ்சோதி அவர்களுக்கு ஊழியர்கள் வாசித்தளிக்கும் மடல்

காய்ச்சலுக்குக் காலனே! கண்ணாடிச் சில்லில் கதை படிக்கும் கலைஞரே! குருதியைக் கூர்ந்து நோக்கும் குணக்குன்றே!

அடைமொழிகளை இத்துடன் நிறுத்துகிறோம். இன்னும் இரண்டு சேர்த்தால் தாங்கள் எழுந்து வார்டுக்குப் போய்விடுவீர்கள்.

மலேரியாவுக்குக் கொய்னா மருந்து கிடைக்காத, மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், நாங்கள் காய்ச்சிய வேப்பம்பட்டைக் கஷாயத்தையும் மீறி நோயாளிகளைப் பிழைக்க வைத்த தங்கள் திறமையை என்னவென்பது! ஆயினும் அக்காலத்துப் பெருமைகளில் எங்கள் நெஞ்சை நிமிர்த்துவது ஒன்று.

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் இருளப்பனின் இரத்தத்தில் புற்று இருப்பதைப் போருக்கு முன்பே கண்டிருந்தீர்கள். அது மெல்ல நகரும் வகை. கழுத்தில் நெறி கட்டியதோடு சரி, அவர் பாட்டுக்கு வேலை செய்துவந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் அவருக்கு ஈறு கசிந்தது, மூச்சு வாங்கியது. மரவள்ளிக்கிழங்கே தின்றால் இப்படித்தான் என்றோம் நாங்கள். பழைய நோயின் சேட்டை என்றனர் மற்றவர்கள். பெயர் தெரிந்த நோய் ஒன்று கையில் இருக்கும்போது இன்னொன்றை யார் தேடுவார்? இதற்கிடையே, போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பானியர் ஆள் பிடித்தபோது அவர் பெயரும் விழுந்தது.

"பழைய சீக்கோடதானே இத்தன வருசமா பால் வெட்டுறான்? போவட்டும் லா," என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தர்மலிங்கம்.

இருளப்பன் தங்களிடம் வந்து நின்றார். "பழைய ஆள எனக்குத் தெரியும்யா. எங்கூடவே சோறு தின்னு எங்கூடவே தூங்குறவன். இது வேற ஆளு."

வேறொருவராயின் சிரித்திருப்பார். தாங்களோ அவர் விரலைக் குத்தி, துளி இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயமேற்றி, உருப்பெருக்கியில் குனிந்தீர்கள். சின்னஞ்சிறு வெள்ளணுக்கள் பழையபடி கூட்டம் கூடியிருந்தன. அவற்றினூடே முதிராத பெரிய அணுக்கள். சிலவற்றின் உள்ளே ஊசி முறிந்து கிடப்பதுபோல் ஒரு சிவந்த கீற்று. முதல் புற்றில் அந்த ஊசி இருக்காது. ஆளை விரைந்து கொல்லும் வேறோர் இரத்தப் புற்று, அதே உடம்பில்!

சீட்டு எழுதினால் நம்பமாட்டார்கள் என்று, உருப்பெருக்கியையே குருண் ரயிலடிக்குத் தூக்கிச் சென்றீர்கள். "வேணாம் டாக்டர், ஜப்பான்காரன் புடுங்கிக்கிட்டா நம்மகிட்ட இருக்கிறதே இது ஒண்ணுதான்!" என்று மன்றாடிய மாவீரர்கள் நாங்களே. லாரிக்குப் பின்னால் ஒளிந்தபடி துணை நின்றவர்களும் நாங்களே.

மரப்பெட்டிமேல் அதை வைத்து, வெயிலைக் கண்ணாடியில் பிடித்துத் திருப்பி, ஜப்பானிய அதிகாரியிடம் "துவா!" என்று மலாயில் சொல்லி இரு விரல் நீட்டினீர்கள்.

"ஒரு ஆளுக்கு ரெண்டு புத்தா? மத்தவன் கேட்டா நான் என்னத்தச் சொல்றது?" என்று முணுமுணுத்தார் கிராணி.

"நீங்களே வந்து பாருங்கண்ணே," என்றீர்கள்.

பார்த்தார். குரல் இறங்கியது. "ரெண்டும் இவன் ரத்தமா?"

"ஒரே துளி."

அதிகாரியும் குனிந்தார், வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு கையசைத்தார். இருளப்பன் வரிசையைவிட்டு விலகினார்.

தாங்கள் அவரைக் குணப்படுத்தவில்லை. அன்று எவராலும் இயலாது. அந்த மழைக்காலத்திலேயே அவர் காலமானார், தம் ஊரான சிடாம் கிரியில், தம் வீட்டில், மனைவி ராக்காயியின் மடியில். அந்த ரயிலில் போனவர்கள் எங்கே விழுந்தார்கள் என்று அவரவர் வீட்டாருக்கு இன்றுவரை தெரியாது.

இன்று நம் வார்டு ஆயாவாக இருக்கும் ராக்காயி அக்கா, இம்மடலைத் தீட்டும்போது வந்து சொன்னார்: "பெரிய பெரிய வார்த்தையெல்லாம் நீங்க போட்டுக்குங்க தம்பி. தீபாவளிக்கு மொத நாளு சோறு வச்சுக் கும்புட, அவரு படுத்திருக்கிற குழி ஒண்ணு எனக்கு இருக்கு. அத மட்டும் மறக்காம எழுதிடுங்க."

எழுதிவிட்டோம், ஐயா.

தங்கள் குருதியில் அணுக்கள் யாவும் அளவோடு அடங்கி நடக்க, தாங்கள் நீடு வாழ்க!

இங்ஙனம்,
மருத்துவமனை ஊழியர்கள்,
குருண்