சேலைப் பெட்டி மூடி

…சரி, வாழ்த்து மடலெல்லாம் படிச்சவங்க படிச்சுட்டாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. சின்னதா ஒரு கதை தெரியும், அதைச் சொல்லிட்டு மேடையை விட்டு எறங்கிடுறேன். பந்திக்கு இன்னும் நேரம் இருக்கு. இப்பத்தான் எலை கழுவுறாங்க, பார்த்துட்டுத்தான் வந்தேன்.

மாப்பிள்ளை இன்பராஜ்… தாலி கட்டுனதுல இருந்து பொண்ணு கையை விடவே இல்ல. போட்டோ எடுக்கிறவர் சொன்னார், விடல. பெத்த அம்மா சொன்னாங்க, விடல. சந்தோஷம் தம்பி. புடிச்சுக்கிட்டே கேளு.

கோத்தகிரிப் பக்கம் நான் லாரி ஓட்டினேன். மிலிட்டரிக்காரங்க ஓட்டித் தேய்ச்சு ஏலத்துல விட்ட பழைய வண்டி. அதோட மூக்குல ஒரு விஞ்ச் இருக்கும். விஞ்ச்னா இரும்புக் கயிறு சுத்துற உருளை. பள்ளத்துல கெடக்கிற மரத்தைக் கட்டி மேல இழுக்கும். அதுக்குன்னு தனி இன்ஜின் உண்டா? கெடையாது. கியர் பாக்ஸோட விலாவுல ஒரு பெட்டியை போல்ட் போட்டு மாட்டியிருப்பாங்க. பி.டி.ஓ.ன்னு பேரு. மூணே எழுத்து… எனக்கு அந்த மூணும் தெரியாது. ஆனா அது செய்யிற வேலை தெரியும். கியர் பாக்ஸுல சுத்துற பல்சக்கரமும் இந்தப் பெட்டியில இருக்கிற பல்சக்கரமும் பல்லோட பல் சேரணும். சேர்ந்தா இன்ஜின் பலம் விஞ்சுக்குப் போகும்.

அந்தப் பெட்டி ஒரு மழைக்காலத்துல படுத்துடுச்சு. எண்ணெய் ஒழுகுது, பேரிங் அரைக்குது. மெக்கானிக் பரஞ்சோதிதான் அதைக் கழட்டிப் போட்டு, மண்ணெண்ணெயில கழுவி, புதுப் பேரிங் ஏத்தி, பழைய இரும்புக் கடையில தேடிப் புடிச்ச பல்சக்கரத்தை மாட்டினார். கெட்டிக்காரர். ஆனா அந்த வருஷம் அவர் மனசு சரியில்ல. அவர் வீட்டம்மா சொர்ணத்துக்குப் பொறந்த புள்ள… பொழைக்கல.

அதுக்கப்புறம் பரஞ்சோதி சொர்ணத்தை விட்டு நகர மாட்டார். குழாயடிக்குப் போனா பின்னாலயே குடத்தைத் தூக்கிக்கிட்டு வருவார். தேயிலை பறிக்கப் போகாதேன்னுட்டார். பாசம்தான். பாசம் இல்லாமலா? ஆனா அந்தப் பொண்ணு பேச்சையே குறைச்சுடுச்சு.

அப்பத்தான் காரமடையில அவ தங்கச்சிக்குக் கொழந்தை பொறந்திருக்கு. போய்ப் பார்க்கணும்னு ஒரே ஒரு ஆசை. அன்னைக்கு ஷெட்டுக்குச் சோறு கொண்டுவந்து வெச்சுட்டுக் கேட்டா.

“ஏங்க… நாலு நாள் போய் இருந்துட்டு வந்துடுறேனே.”

“வேணாம் சொர்ணம். அங்க புள்ளையப் பார்த்தா நீ ஒடைஞ்சு போயிடுவே.”

“இங்க இருந்தா ஒடையலையா?”

 அதுக்கு முந்தின வாரம்தான் அவளைச் சமாதானப்படுத்த ஒரு சேலை வாங்கிட்டு வந்திருந்தார். பெட்டியைப் பிரிக்கக்கூட இல்ல அவ.

கோபத்தை லாரிப் பெட்டி மேல காட்டினார் பரஞ்சோதி. கியர் பாக்ஸுக்கும் இந்தப் பெட்டிக்கும் நடுவுல ஒரு அட்டை வெட்டி வெப்பாங்க, பேக்கிங்னு சொல்லுவோம். “இந்த அட்டை ஊறிப் போய்த்தான்யா ஒழுகுது. அட்டையே வேணாம். பசையைத் தடவி இறுக்கிடுறேன், எங்க ஒழுகுதுன்னு பார்ப்போம்”னார். தெரியாதவரா அவர்? தெரிஞ்சவர்தான். மனசு கலங்கினா தெரிஞ்சதும் மறந்து போகுது.

இறுக்கினார்… இன்னும் இறுக்கினார். கைல நரம்பு தெரிய இறுக்கினார்.

நான் ஸ்டார்ட் பண்ணி விஞ்சைச் சேர்த்தேன். ஐயையோ… அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன்? கதவுல விரல் மாட்டின கொழந்தை மாதிரி வீல்னு ஒரு அலறல். அணைச்சுட்டு எறங்கிப் பெட்டியைத் தொட்டா சுடுது. ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகல. ஆனா சுத்தவும் முடியல.

சொர்ணம் தூக்குச்சட்டியை மூடிக்கிட்டே கேட்டா. “அட்டை வெக்கலையா?”

“இல்ல.”

“நெருக்கி வெச்சா பல்லு எப்படிங்க சுத்தும்? நீங்க சொல்லிக் குடுத்ததுதானே… மூச்சு விட எடம் வேணும்னு.”

பரஞ்சோதி ஸ்பானரைக் கீழ வெச்சார். அப்புறம் அதையே எடுத்து போல்ட்டை ஒவ்வொண்ணா கழட்டினார்.

அவளே போனா. வீட்டுல இருந்து அந்தச் சேலைப் பெட்டியோட மூடியைக் கொண்டுவந்தா. கழட்டின பி.டி.ஓ. பெட்டி வாய் மேல அந்த அட்டையை வெச்சு, சின்ன சுத்தியால ஓரத்தைத் தட்டித் தட்டி வெட்டி எடுத்தா. பரஞ்சோதிக்கு எப்பவும் அவதான் பேக்கிங் வெட்டிக் குடுப்பா. புள்ள போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் சுத்தியைத் தொட்டா.

அட்டையை வெச்சு மாட்டினோம். வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். அலறல் இல்ல. தேனீ கூட்டுக்குள்ள இருந்துக்கிட்டு முனகுமே… அந்த மாதிரி ஒரு சத்தம். உருளை சுத்துது. ஒழுகவும் இல்ல.

பரஞ்சோதி பெட்டி மேல கையை வெச்சுப் பார்த்தார். சூடு இல்ல. கையை எடுக்காம, அவளைப் பார்க்காம கேட்டார்…

“காரமடை பஸ்ஸு எத்தனை மணிக்கு?”

சொர்ணம் அழுதா. அவ அழுது அன்னைக்குத்தான் நான் பார்த்தேன்.

போனா. தங்கச்சி புள்ளைய மடியில போட்டுக்கிட்டா. வந்துட்டா. மூடி இல்லாத பெட்டியில இருந்த அந்தச் சேலையைக் கட்டிக்கிட்டு வந்து எறங்கினா.

இன்பராஜ், பிருந்தா… உங்களுக்குத்தான் சொல்றேன். தள்ளித் தள்ளி இருக்கச் சொல்லல. தள்ளி வெச்சா பல்லு கடகடன்னு அடிச்சுக்கும், அதையும் பார்த்திருக்கேன். சேர்ந்தே இருங்க. ஆனா நடுவுல ஒரு அட்டை கனத்துக்கு எடம் விடுங்க. அவ ஒரு எடம் போகணும்னா போகட்டும். அவன் ஒரு நேரம் பேசாம இருக்கணும்னா இருக்கட்டும். அந்த எடம் பாசம் ஒழுகுற ஓட்டை இல்ல கண்ணுகளா. பாசம் சுத்துறதுக்கு வேண்டிய எடம்.

நான் சொல்றதுல நம்பிக்கை இல்லையா? அந்த மூணாவது வரிசையைப் பாருங்க. வெள்ளைத் துண்டு போட்டவர் பரஞ்சோதி. இந்தப் பக்கம் சொர்ணம். நடுவுல ஒரு நாற்காலி காலியா கெடக்கு, அதுல அந்த அம்மாவோட வெத்தலைப் பை. சண்டை போட்டு உக்காந்திருக்காங்கன்னு நெனைச்சுடாதீங்க.

அதான் பேக்கிங்.