கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பா

கரிசல் புழுதியில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்துக் கட்டி மேய்ப்பது கஷ்டம், ஐயா. கோவில்பட்டிக்கே அது ஒன்றுதான். பஞ்சு வியாபாரி மகன் நல்லக்கண்ணுவின் கார். கிளட்சை மிதித்தால் பெடல் தரையோடு போய்விடும், கியர் விழாது. குழாயில் இருந்த காற்றை எடுத்தேன், ரப்பரை மாற்றினேன். மறுவாரமே அதே கோளாறு. கிளட்ச் சிலிண்டருக்குள் ஒரு கீறல் இருந்தது. முதலிலேயே அதை நான் பார்த்திருக்க வேண்டும். பிறகு பார்த்தபோது சொல்ல மனம் வரவில்லை.

டீக்கடையில் எல்லோர் முன்னாலும் நல்லக்கண்ணு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"சேக் பாய்க்குக் கெணத்து மோட்டார்தான் சரி. வண்டிய மருதைக்குக் கொண்டு போயிர வேண்டியதுதான்."

மதுரையில் பிரித்தால் கீறல் தெரிந்துவிடும். இத்தனை வருஷம் சம்பாதித்த பெயர் ஒரு நிமிஷத்தில் போய்விடும்.

"கடைசியா ஒரு தடவ பாத்துத் தாரேன் தம்பி" என்று கெஞ்சிக் காரை வாங்கினேன்.

பிரேக் ஆயில் கிடைக்காத நாளில் நாங்கள் விளக்கெண்ணெயில் ஸ்பிரிட் கலந்து ஊற்றுவோம். ரப்பருக்கு ஒன்றும் ஆகாது. என்ஜின் ஆயில் பட்டால்தான் ஊறி உப்பிவிடும். அந்தக் காரில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் எண்ணெய் டப்பா ஒன்றே. அதில் என்ஜின் ஆயிலை ஊற்றினேன். மெட்ராஸிலிருந்து சாமான் வரவில்லை என்று சொல்லி, ரப்பர் ஊறும்வரை காரை ஷெட்டிலேயே நிறுத்திவைத்தேன். கொஞ்ச தூரம் கிளட்சும் பிரேக்கும் பிடிக்கும், சூடேறினால் விட்டுவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

காரை எடுக்க நல்லக்கண்ணு வந்தபோது அவன் மனைவி சொர்ணத்தாயும் கூட வந்தாள். பிரசவத்துக்கு மதுரையில் தாய்வீட்டுக்குப் போகிறாளாம். அப்படியே மதுரை மெக்கானிக்கிடமும் காரைக் காட்டப் போவதாக அவன் சொன்னான்.

"நல்லா சரி பண்ணிட்டியளா அண்ணாச்சி? வயித்துப் பிள்ளையோட போறேன்" என்றாள்.

"பயப்படாமப் போங்க தாயி" என்றேன்.

அவள் சேலைத் தலைப்பு கதவில் சிக்கியிருந்தது. அதை எடுத்து உள்ளே விட்டு, கதவை மெதுவாகச் சாத்தினேன்.

சாத்தூர் ஆற்றுப் பாலத்தில் எதிரே லாரி வந்திருக்கிறது. இரண்டு பேருமே பிழைக்கவில்லை.

அந்தப் பெண்ணையாவது இறக்கிவிட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். எனக்கும் அது தொண்டைவரை வந்தது, ஐயா. அன்றிலிருந்து கண்ணை மூட முடியவில்லை. ஆனால் இறங்குங்கள் என்று நான் சொல்லியிருந்தால், சேக் முகம்மது கை வைத்த வண்டியை அவனே நம்பவில்லை என்றல்லவா ஊர் பேசியிருக்கும்?