கதவு மூடினால் ஒன்று

1991. ராத்திரி பத்தரை மணி. வடக்குப்பட்டு போகிற ரோட்டில் ஒரு விளக்குகூட இல்லை... கடைசி பஸ்ஸை விட்டு இறங்கித் தொழிற்சாலைக்குத் தனியாக நடந்தாள் கங்கா. என் நண்பன் ரகுவின் அத்தை.

அங்கே தகடு அழுத்தும் பிரஸ்ஸுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியவர்கள் கங்காவோடு சேர்த்து மூன்று பேர். கோபால் எழுதியதில், கை உள்ளே போகாமல் தடுக்கும் காவல் கதவு மூடியிருந்தால் 1. பராசரன் எழுதியதில் திறந்திருந்தால் 1. அதே கதவுக்கு ஆளுக்கொரு பெயர் வேறு.

"எல்லாரும் ஒரே மாதிரி எழுதிடலாம்பா," என்று கங்கா கெஞ்சியிருக்கிறாள்.

"ஓடுது இல்ல? வுடு," என்றான் கோபால். அவளும் விட்டுவிட்டாள்.

ஓடியது... பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள், கதவைத் திறந்து தகட்டை எடுக்கக் குனிந்தான் ஆபரேட்டர் ஜோயல். பிரஸ் இறங்கியது. ஜோயல் உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

கோபால் ஊரைவிட்டே ஓடினான். பராசரன் காய்ச்சலில் விழுந்தான். "காலைல ஆறு மணிக்கு லைன் ஓடணும்மா," என்றார் மேனேஜர்.

அந்த ராத்திரிதான் கங்கா பூட்டிய கம்ப்யூட்டர் அறையில் தனியாக உட்கார்ந்து, மூன்று பேர் எழுதியதையும் ஒரே மாதிரி மாற்றத் தொடங்கினாள். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெட்டது. கண் எரிந்தது.

மணி இரண்டு இருக்கும். பிரஸ் ஆயில் வாசனை... பக்கத்தில் ஆள் நிற்பதுபோல. வெளியே, பிரஸ்ஸின் மெயின் சுவிட்சை இறக்கிவைத்திருந்த கூடத்தில்...

டம்.

சற்று நேரம் கழித்து, மறுபடி. டம்.

"ஜோயல்... தப்புதான்பா. இதையாவது முடிக்க வுடு," என்று அழுதாள்.

சத்தம் நின்றது.

ஐந்தரைக்கு எல்லா இடத்திலும் ஒரே பெயர், ஒரே அர்த்தம். மெயினைப் போட்டுப் பார்த்தாள். கதவு திறந்திருக்கும்போது பிரஸ் அசையவில்லை. நிம்மதியாக பிரிண்ட் கொடுத்தாள். டிர்ர்ர்... டிர்ர்ர்... புரோகிராம் முடிந்த பிறகும் பிரிண்டர் நிற்கவில்லை. ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ் வரியை அடித்தது.

'இன்னும் ஒண்ணு கீது.'

ஆறு மணிச் சங்கு ஊதியது. விழுந்தடித்து ஓடி மெயினை இறக்கினாள். புது ஆபரேட்டர் தணிகாசலம் திரும்பிப் பார்த்தான். அவன் கை உள்ளேதான் இருந்தது.

"இன்னாமா ஆச்சு?"

தாளைப் பார்த்த மேனேஜர் அதைக் கசக்கிப் போட்டார். பராசரன் காய்ச்சல் தீர்ந்து வந்ததும், அவனும் கங்காவும் அந்த இன்னொரு தப்பை மூன்று மாதம் வரிவரியாகத் தேடினார்கள். கிடைக்கவில்லை. கங்கா வேலையை விட்டுவிட்டாள்.

அந்த பிரஸ் இன்றைக்கும் ஓடுகிறது... மூன்று ஷிஃப்டும்.